தங்கவயலுக்கு ஒரு நாள்: கடைசி ஸ்டேஷனில் இறங்குங்கள்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து காலையில் போய் இரவுக்குள் திரும்ப ஏதாவது பழைய இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் கோலார் தங்கவயலைச் சொல்வது வழக்கம். சொன்ன மாத்திரத்தில் இரண்டு கேள்விகளில் ஒன்று வரும். "படத்துல வந்த இடம்தானே?" அல்லது "சுரங்கத்துக்குள்ள விடுவாங்களா?" இரண்டுக்கும் என் பதில் அவர்களுக்கு உவப்பாக இருப்பதில்லை. 'கே.ஜி.எஃப்.' படத்தில் வந்த நாராச்சி கற்பனை. சுரங்கத்துக்குள் யாரையும் விடுவதில்லை. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, உள்ளே ஊறும் தண்ணீரை இறைப்பது நின்றுபோய்க் குழிகள் நிரம்பிவிட்டன. "நான் உள்ளே கூட்டிப் போகிறேன், ஆளுக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது கிசுகிசுத்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அது சட்டவிரோதம். அதைவிட முக்கியம், ஆளை விழுங்கும் இடம்.

பிறகு அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது? ஒரு முழு எஸ்டேட் இருக்கிறது. வடக்கே பாலகாட்டிலிருந்து தெற்கே மைசூர் மைன் வரை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, தலைக்கு மேல் இரும்புக் கோபுரம் நிற்கும் ஷாஃப்டுகள், ஓட்டுக்கூரை பங்களாக்கள், கோல்ஃப் மைதானத்தோடு ஒரு கிளப், மாதா கோயில்கள், ஆஸ்பத்திரி, தொழிலாளர் லைன்கள், எல்லாவற்றுக்கும் பின்னணியில் மலை போல வெளுத்துக் கிடக்கும் சயனைடு மேடுகள். லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880-இல் கையில் எடுத்து, 1956-இல் மைசூர் அரசு ஏற்கும்வரை நடத்திய நிறுவனங்களின் மிச்சம் இது. ஊட்டிக்குப் போய்த் தேயிலைத் துரையின் பங்களாவைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கே வந்தால், பயிர் மண்ணுக்கு மேலே இல்லை, மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இருந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம் என்பதைக் கண்டுகொள்வார்கள்.

பங்களாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். லைனை மட்டும் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டும் திரும்பாதீர்கள். இரண்டும் ஒரே எஸ்டேட்டின் இரண்டு கைகள். எதை முதலில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அன்றைய நாளே மாறிவிடும். லைனில் தொடங்கி கிளப்பில் முடியுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லப்போவது. அதற்கான வழியை ரயில்வேக்காரர்கள் 1890-களிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

போகும் வழி

பங்காரப்பேட்டையிலிருந்து பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று மாரிகுப்பத்தில் முடிகிறது. பெரும்பாலானவர்கள் கடைத்தெருவுக்குப் பக்கம் என்று உரிகத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் இறங்காதீர்கள். கடைசிவரை போய் மாரிகுப்பத்தில் இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பி வாருங்கள். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் தெற்கிலிருந்து வடக்காக வரிசை கட்டி நிற்பதால், ஊரின் கதையும் அந்த வரிசையில் கோவையாக வரும். மதியம் சாப்பாட்டு வேளைக்கு ராபர்ட்சன்பேட்டையில் இருப்பீர்கள். வெயில் சாயும்போது கிளப் பக்கம் வந்துவிடலாம்.

பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு ரயிலில் இன்னொரு வசதி. இந்தத் தடத்தில் காலைக் கூட்டம் முழுக்கத் தங்கவயலிலிருந்து பெங்களூர் போகும் கூட்டம். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊர் பிழைப்பது பெரும்பாலும் அந்த ரயில்களை நம்பித்தான். விடியும் முன் கிளம்பி, இரவு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்கள். நீங்கள் அவர்களுக்கு எதிர்த்திசையில் போகிறீர்கள், அதனால் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் எதிர்த்திசை வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. முதல் நாள் இரவே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பும் வண்டியையும் சேர்த்து. நேரடி வண்டி தப்பினால் பங்காரப்பேட்டை வரை பஸ்ஸிலோ காரிலோ போய்விடுங்கள். சென்னை, ஜோலார்பேட்டை பக்கமிருந்து வருபவர்களுக்கும் பங்காரப்பேட்டைதான் வாசல். எந்த வண்டி அங்கே நிற்கும், எது நிற்காது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

காரில் வருவதானால் குடியாத்தம், பேரணாம்பட்டு, வி.கோட்டை வழி எனக்குப் பிடித்தது. மலையேறி ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழையும் பாதை அது. நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக இந்த மேட்டு நிலத்துக்கு ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தங்கவயலில் இருப்பவர்களில் பெரும்பகுதி. ஆகவே தமிழ் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வழி கேட்கும் சிரமம் கிடையாது. பெங்களூரிலிருந்து புதிய விரைவுச் சாலையில் பேத்தமங்கலம் வரை வந்து இறங்குவதுதான் வேகம். ஆனால் பைக் கூட்டமாகக் கிளம்பும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்: அந்தச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. பழைய சாலையில்தான் வர வேண்டும்.

யாரை அழைத்துப் போவது

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். லைன் சந்துகள் குறுகலானவை. பத்துப் பதினைந்து பேர் கேமராவும் கையுமாக நுழைந்தால் ஏதோ ஊர்வலம் வருகிறது என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள், அல்லது எம்.எல்.ஏ. ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்லச் சூழ்ந்துகொள்வார்கள். முடிந்தால் அந்த ஆறு பேரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். இது என் அனுபவத்தில் கண்ட உண்மை: வயதானவரைப் பார்த்தால் வயதானவர் பேசுவார். உங்கள் அலுவலக நண்பர்களில் யாருக்காவது தங்கவயல் பூர்வீகம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பெங்களூரில் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். அவரோடு போவது நூறு வழிகாட்டிகளுக்குச் சமம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டர் அளவு உயரத்தில் இருப்பதால் அப்போது நடப்பது சுகம். ஆடிக்காற்று வீசும் மாதங்களில் வேண்டாம். சயனைடு மேடுகளிலிருந்து கிளம்பும் பொடி கண்ணையும் மூச்சையும் ஒரு வழி பண்ணிவிடும். எந்த மாதமானாலும் ஆளுக்கொரு முகக்கவசம், மூடிய காலணி, தாராளமாகத் தண்ணீர். ஆஸ்துமா உள்ள நண்பர் இருந்தால் மேடுகளுக்கு அருகே அவரை அழைத்துப் போகவே வேண்டாம். ட்ரோனை வீட்டில் வைத்துவிடுங்கள். இங்கே பாதுகாப்புத் துறைக்கு வாகனம் செய்யும் பெமல் தொழிற்சாலை இயங்குகிறது. அதன் மதிலைப் பார்த்து செல்போனை உயர்த்தினாலே காவலர் வந்துவிடுவார்.

லைன்களில்

மாரிகுப்பத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். நடங்கள். ஷாஃப்டுகளின் பெயரும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயரும் லைன்களுக்கும் கேம்புகளுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழ் நாக்கில் அவை உருண்டு வேறு பெயர்களாகவே ஆகிவிட்டன. லைன் என்றால் ஒட்டு ஒட்டாக நிற்கும் வீடுகள். முதலில் மூங்கில் தட்டி வைத்த குடிசைகள், பிறகுதான் சுவரும் ஓடும் வந்தன. ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு, வெளியே திண்ணை அளவுக்கு ஓர் இடம். 1930 வாக்கில் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் சுமார் 30,000 பேர். ஒரு ஷிஃப்டுக்காரர் எழுந்து போனதும் அடுத்த ஷிஃப்டுக்காரர் அதே பாயில் படுத்த வீடுகள் இவை.

இன்றும் ஆட்கள் வாழும் வீடுகள் என்பதை ஒவ்வொரு சந்திலும் நினைவில் வையுங்கள். பாழடைந்த சுவர் கிடைத்ததென்று சாய்ந்து நின்று படம் எடுக்கத் தோன்றும். அந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டின் அளவு என்ன, எத்தனை பேர் இருக்கிறீர்கள், பட்டா இருக்கிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்க வேண்டாம். நிறுவனம் மூடிய பிறகு வீடு யாருக்கு என்பது இங்கே நீண்டகாலக் கவலை. அப்படிக் கேட்டால் கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்க ஒரு நல்ல கேள்வி உண்டு. "எவ்வளவு தங்கம் எடுத்தீங்க?" என்று கேட்காதீர்கள். தங்கத்தைக் கையில் பார்த்த தொழிலாளி அபூர்வம். அவர் பார்த்தது பாறை. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கடைசி ஆண்டுகளில் சில கிராம் மட்டுமே தேறியது. "ஐயா, நீங்க எந்த ஷாஃப்ட்ல இறங்கினீங்க?" என்று கேளுங்கள். அவ்வளவுதான். பிறகு நீங்கள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. கேஜில் இறங்கும் வேகம், கீழே போகப் போக ஏறும் சூடு, சங்கு ஊதும் நேரத்தை வைத்து ஊரே உலை வைத்தது, எல்லாம் தானாக வரும். ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். மேலே குளிரூட்டி அனுப்பிய காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் கீழே வேலை செய்தார்கள். ஏர் பிளாஸ்ட் பற்றிச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். தோண்டிய வெற்றிடத்தின் மேல் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பூமி அதிர்ந்து மேலே வீடுகளில் பாத்திரம் உருளும்போது, இன்று யார் வீட்டில் என்று ஒவ்வொரு பெண்ணும் வாசலுக்கு வந்து நின்ற ஊர் இது. பேசுபவர் அடிக்கடி இருமினால் சற்று ஓய்வு கொடுங்கள். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் இங்கே புதிய பெயர் அல்ல.

லைன்களைப் பரிதாபத்தின் இடமாக மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. தமிழ் அச்சுலகத்துக்கும் அரசியலுக்கும் இந்த ஊர் கொடுத்தது கொஞ்சமல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உயிர்ப்பான கிளைகள் இருந்தன. சுரங்கத் தொழிலாளர்களின் சந்தாவும் கொடையும் சென்னையில் அவர் நடத்திய 'தமிழன்' இதழைத் தாங்கிப் பிடித்தன. அவர் 1914-இல் மறைந்து, இதழும் நின்றபின், 1926-இல் அதைத் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர் ஜி.அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டு விற்றது. 1930-இல் தொழிலாளர் எல்லோரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, குற்றவாளிகளைப் போல ரேகை வைக்கமாட்டோம் என்று வேலையை நிறுத்தியதும் இதே லைன்காரர்கள்தான். போகும் முன் அயோத்திதாசர் சிந்தனைகளில் நாலு பக்கம் படித்துவிட்டுப் போனால் மாரிகுப்பம் உங்களுக்கு வேறு ஊராகத் தெரியும். 'தங்கலான்' படம் பார்த்துவிட்டுப் போனாலும் தப்பில்லை, படித்துவிட்டுப் போவது இன்னும் மேல்.

சாம்பியனிலிருந்து கடைத்தெருவுக்கு

சாம்பியன் ரீஃபில் வெற்றி மாதா கோயிலுக்குள் பத்து நிமிடம் உட்காரலாம், திருப்பலி நேரமாக இல்லாவிட்டால். அங்கிருந்து தலைநிமிர்ந்து பார்த்தால் ஷாஃப்டுகளின் இரும்புக் கோபுரங்கள் தெரியும். சாலையிலிருந்தே பாருங்கள். வேலிக்குள் இருப்பது நிறுவனத்தின் சொத்து, காவல் உண்டு. முறையாக உள்ளே போக வேண்டுமானால் சில வாரங்கள் முன்னதாகவே நிறுவன அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கல்லூரி, ஆய்வு என்று காரணம் இருந்தால் எழுதிப் பாருங்கள். நண்பர்கள் உல்லாசப் பயணத்துக்கு அனுமதி எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த இடத்தில் நண்பர்களிடம் சொல்ல ஒரு சங்கதி. சாம்பியன் ரீஃபில் ஹீத்கோட் ஷாஃப்டின் கீழே, தரையிலிருந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகர, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, வளிமண்டலத்திலிருந்து வரும் நியூட்ரினோவின் தடத்தை உலகத்திலேயே முதல் தடவையாகப் பதிவு செய்த அமைப்புகளில் ஒன்றாக இருந்தது. மற்றக் கதிர்கள் எல்லாம் மேலிருக்கும் பாறையில் அடங்கிவிட, நியூட்ரினோ மட்டும் கீழே வந்து சேரும் என்பதால்தான் அந்த ஆழம் தேவைப்பட்டது. நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடைய வேண்டும் என்று பேச்சு எழுந்ததும் இதே காரணத்துக்காகத்தான். தங்கம் எடுக்கப் போன குழியில் கிடைத்த இந்தப் பெயருக்கு ஊரில் பெரிதாக ஒரு பலகைகூட இல்லாதது எனக்கு மனக்குறை.

மதியச் சாப்பாட்டை ராபர்ட்சன்பேட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி. மார்க்கெட் பக்கம் சுற்றினால் பசிக்கு வழி பிறக்கும். பிரியாணியில் ஆம்பூர், வாணியம்பாடிச் சாயல் அடிப்பதில் வியப்பில்லை. நேரத்தோடு போங்கள், இரண்டு மணிக்கு மேல் நல்ல கடைகளில் அண்டா காலி.

பங்களாவும் கிளப்பும்

இனிதான் பங்களா. காலையில் லைனைப் பார்த்த கண்ணோடு இப்போது பாருங்கள். இரண்டு லைன் வீடுகள் கொள்ளும் அகலத்துக்கு வெராண்டா. உயரமான ஓட்டுக்கூரை, குளிர்காலத்துக்குக் கணப்பு, புகைபோக்கி, முன்னால் தோட்டம், பின்னால் வேலைக்காரர்களுக்குத் தனி அறைகள். இங்கே இருந்த ஆங்கிலேயர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள். கார்ன்வால் தகரச் சுரங்கங்களிலிருந்து வந்த கேப்டன்களும் இதில் சேர்த்தி. அவர்களுக்கு ஊரை அங்கிருந்து அப்படியே பெயர்த்துவந்து நட்டதுபோல இருந்திருக்கும். பல பங்களாக்கள் பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் குடியிருக்கிறார்கள். எதுவும் அருங்காட்சியகம் இல்லை. ஆகவே கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகிற வேலை கூடாது. சாலையில் நடந்தபடி பார்த்தாலே போதுமான அளவு தெரியும்.

கிளப்புக்குள் போக உறுப்பினர் ஒருவர் துணை வேண்டும். பெங்களூரில் விசாரித்தால் யாராவது கிடைப்பார்கள். கிடைக்காவிட்டால் காவலாளியிடம் கெஞ்சி அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். அவர் வேலை போகும். உறுப்பினரோடு போனால் ஒழுங்கான உடை, மூடிய காலணி. உள்ளே மரப்படிகளும் பழைய புகைப்படங்களும் பார்க்கும்போது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: படங்களில் இருக்கும் வெள்ளைக்காரர் பெயர்கள் எல்லாம் கீழே எழுதியிருக்கும், கூட நிற்கும் நம்மவர் பெயர் எத்தனை படங்களில் இருக்கிறது? இது கிளப்புக்காரர்களைக் குறை சொல்ல அல்ல. எந்த எஸ்டேட்டின் எந்தப் பழைய ஆல்பத்துக்கும் பொருந்தும் கேள்வி.

மின்சாரக் கதை இங்கே சொல்லத்தக்கது. காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு மின்நிலையம் கட்டியது முதலில் இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் தெருவுக்கு விளக்கு எரிந்தது 1905-இல். அதாவது நம் நாட்டின் இன்றைய ஐ.டி. தலைநகருக்கு மூன்று வருடம் முன்பே இங்கே பல்பு எரிந்தது. எரிந்தது யார் வீட்டில் என்பதைக் காலையில் பார்த்த லைன் சொல்லும்.

இங்கிலாந்தில் இப்படிப் பழைய பிரபுக்களின் மாளிகைகளுக்கு நண்பர்கள் கூடிப் போவது ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமை வழக்கம். டிக்கெட், தேநீர்க்கடை, ரோஜாத் தோட்டம் எல்லாம் உண்டு. அந்த மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 2020-இல் தன் இடங்களில் 93-க்குக் காலனியத்தோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்பைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கே பெரிய சண்டை. சந்தோஷமாக ரோஜா பார்க்க வந்தவர்களுக்கு ஏன் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்சி. தங்கவயலுக்கு வருபவருக்கு அந்தச் சண்டையே தேவைப்படாது. இங்கே பங்களாவும் லைனும் ஒரே ஆட்டோ தூரத்தில் இருக்கின்றன. 1880-இலிருந்து 2001 வரை எடுத்த எண்ணூறு டன்னுக்கு மேலான தங்கத்தில் பெரும்பங்கு கட்டிகளாகக் கடல் கடந்து லண்டன் போனது. அது எங்கே கண்ணில் படும் என்றால், படாது. மிச்சம் கண்ணில் படுவது சயனைடு மேடுதான்.

மேட்டின் மேல் ஏறாதீர்கள்

இந்தக் கட்டுரையில் நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒரே அறிவுரை இதுதான். தங்கத்தைப் பிரித்தெடுக்க சயனைடு கரைசலில் கழுவிய பாறைத்தூளைக் கொட்டிக் கொட்டி உண்டானவை அந்த மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்பது கணக்கு. 2018-இல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டதால், சட்டையைத் திறந்துவிட்டு உச்சியில் நின்று ரீல்ஸ் எடுக்கும் கூட்டம் வந்துபோகிறது. மழை அரித்த ஓடைகள் பக்கச்சுவர் இல்லாமல் செங்குத்தாக நிற்கின்றன. கால் வைத்தால் மேலே உறுதியாகத் தோன்றும் ஓடு சரிந்துவிடும். அடிவாரத்தில் தேங்கிய தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கையால் தொடக் கூடாது. பறக்கும் தூள் நுண்ணிய சிலிக்கா. லைனில் இருமிய பெரியவரின் நெஞ்சுக்குள் இருப்பதும் சிலிக்காதான்.

மாலை நாலரை மணி வாக்கில் சாலையில் நின்று பாருங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது அரிப்புக் கோடுகள் எல்லாம் எழுந்து தெரியும். படம் எடுக்கவும் அந்த வெளிச்சம்தான் தோது. மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை மறுபடி எடுக்கும் பேச்சு வெகுநாளாக நடக்கிறது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். மத்திய அரசின் அந்த யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. அந்த வேலை தொடங்கிவிட்டால் இந்தக் காட்சி மாறிவிடும். ஆட்டோக்காரரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். வேலை வரும் என்பவரும் தூசி வரும் என்பவரும் இருப்பார்கள். இரண்டு பேர் சொல்வதையும் கேளுங்கள்.

கூட வருபவர்களில் யாராவது கோடிலிங்கேசுவரா போகலாம் என்று கட்டாயம் சொல்வார்கள். கம்மசந்திராவில் நூறு அடிக்கு மேல் உயர்ந்த லிங்கமும் சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு லிங்கங்களும் இருக்கும் இடம், ஊருக்குப் பக்கம்தான். பெரியவர்களுக்கு அது வேண்டுமென்றால் காலை முதல் வேலையாக முடித்துவிடுங்கள், மாலையில் திணிக்க வேண்டாம். என்னைக் கேட்டால் மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தைப் பேத்தமங்கலம் ஏரிக்குக் கொடுப்பேன். எஸ்டேட்டுக்குக் குடிதண்ணீர் போன இடம் அது. தேங்குவது பாலாற்று நீர். வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் என்று கீழே போகிற அதே பாலாறு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கரையில் நின்றால் பேச்சு உடனே அரசியலுக்குத் தாவிவிடும். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

செலவை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவை இடத்துக்கு இடம் மாற்றாமல், கடைத்தெருவில் ஒருவரைப் பிடித்து மதியத்திலிருந்து மாலைவரை ஒரே தொகை பேசுங்கள். சுரங்கக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம், அவரே பாதி வழிகாட்டி. லைனில் பேசியவரின் படம் எடுத்திருந்தால், பணத்தை நீட்டாமல் முகவரி வாங்கி பிரதி போட்டு அனுப்புங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விட்டவர்களைப் பற்றி அந்தத் தெருவில் நிறையவே பேச்சு இருக்கிறது.

திரும்பும்போது பங்காரப்பேட்டையில் வண்டி மாற இடைவெளி கிடைத்தால், ஸ்டேஷனுக்கு வெளியே வந்து பானிபூரி சாப்பிடுங்கள். இந்த ஊரின் பானி பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்காது, வெறும் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். காரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து தாக்கும். கடையில் கூட்டம் எப்போதும் உண்டு, ஆகவே டிக்கெட்டை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு வரிசையில் நில்லுங்கள்.